இழந்த உறுப்பும் இயற்றும் கையும்

ஆண்டுதோறும் சித்திரை பிறக்குங் காலத்திலே நுவரெலியா நகரம் புதுக்கோலம் பூணும். மலர்க்காட்சி, குதிரைப் பந்தயம், மோட்டார்ப் பந்தயம் என விழாக்கள் ஒன்றையொன்று தொடரும். அக்காலத்தில் ஹட்டன் வழியாகவும் இறம்பொடை வழியாகவும் மலையேறி வரும் வண்டிகளுட் சில, ஐம்பது அறுபது ஆண்டு கண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார்களாக இருத்தலைக் காணலாம். இருவர் மாத்திரம் அமரத்தக்க சிற்றுடலும், நீண்ட பொனற்றும், அலையென வளைந்திறங்கும் மட்கார்டும் கொண்ட அவ்வண்டிகளைக் கண்டு சிறுவரும் முதியவரும் ஒருங்கே மகிழ்வர். எத்தனை குதிரைவலு, என்ன வேகம், என்ன விலை என்று கேட்பர். 'இந்த மட்கார்ட் எங்கே கிடைத்தது? இதனைச் செய்தவர் யார்?' என்று கேட்பவர் மிகச் சிலரே. அச்சிலருக்குரிய கேள்வியையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன்.

தமிழாசிரியன் ஒருவனுக்கு மோட்டார் வண்டியைப் பற்றி என்ன பேச்சு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். இது மேலெழுந்தவாரியாக வண்டியைப் பற்றியதாயினும், உள்ளே கைத்தொழிலைப் பற்றியது. நம் மலைநாட்டு இளைஞரின் வாழ்வைப் பற்றியது. ஆதலின் ஆசிரியனுக்கு இதிற் பங்குண்டு. பழைய வண்டியின் இழந்த உடலுறுப்பைக் கடைகளிலே தேடுவோர் பலர். அதனை இயற்றவல்ல கை நம் நாட்டிலே, நம் ஊர்களிலேயே இருக்கின்றது. அக்கை போற்றுவாரின்றி அருகிவருகின்றது. அதனைக் காக்க வேண்டிய கடன் வண்டியுடையார்க்கும் கல்லூரியார்க்கும் உண்டு என்பதே யான் கூற விழைவது.

இவ்வண்டிகள் இம்மலைக்கு வந்த வரலாற்றை முதலிற் சிறிது நோக்குவோம். தோட்டத் துரைமார் காலத்திலே மோட்டார் வண்டி அவர்களுக்குப் போக்குவரத்துச் சாதனமாகவும் பொழுதுபோக்காகவும் இருந்தது. நுவரெலியாவை அடுத்த மகாகஸ்தோட்டையில் மலையேற்றப் பந்தயம் 1930களிலேயே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் அபிங்டன் நகரிலே செய்யப்பட்ட எம்.ஜி. வண்டிகள் இத்தகைய வளைவுச் சாலைகளுக்கு ஏற்றவை என்று பெயர் பெற்றவை. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டு முதல் 1949ஆம் ஆண்டு வரை உருவான எம்.ஜி. ரி.சி. வண்டிகள் ஏறக்குறைய 10,000. அவை உலகெங்கும் பரவின.

1960களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணி நெருக்கடியால் நம் நாடு மோட்டார் வண்டிகளின் இறக்குமதியை இறுகக் கட்டுப்படுத்தியது. 1972இலும் 1975இலும் நடைபெற்ற காணிச் சீர்திருத்தங்களாலே தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் பலர் தாயகம் மீண்டனர். அவர்கள் விட்டுச்சென்ற வண்டிகளுட் சில கைமாறின. சில கொட்டகைகளிலே கோழி அடையும் கூடுகளாயின. 1977இன் பின் சந்தை திறந்தது. பின்னர் 2020இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025இலேயே மறுபடி வழி திறந்தது. இவ்வாறு கதவு அடைபடுந்தோறும் நம் நாட்டார் இருந்த வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டக் கற்றனர். வறுமை கற்பித்த அப்பாடம் வீண்போகவில்லை.

நிற்க. பழைய வண்டியொன்றைப் புதுக்குவோன் எஞ்சினைக் குறித்து அத்துணை அஞ்சவேண்டியதில்லை. எஞ்சினுறுப்புகள் அளவுக்கு அடங்குவன. தண்டின் குறுக்களவு இவ்வளவு, துளையின் ஆழம் இவ்வளவு என்று அளந்து கூறினால், கடைசற் பொறியுடைய எவரும் அவற்றைக் கடைந்து தருவர். நம் தேயிலைத் தொழிற்சாலைகளிலே, பெல்பாஸ்ற் நகரத்து டேவிட்சன் கம்பனியாரின் 'சிறொக்கோ' உலர்த்திகளும் பழைய உருட்டு இயந்திரங்களும் தலைமுறை தலைமுறையாக ஓடியமை இத்தகைய கைத்திறனாலேயே யாகும். உடலுறுப்போ அவ்வாறன்று. அதன் வளைவு ஓரிடத்தில் ஆழ்ந்தும் ஓரிடத்தில் அகன்றும் இருதிசையில் ஒருங்கே வளைந்தும் செல்வது. அதனை எண்ணாற் கூறல் எளிதன்று. கண்ணுங் கையுமே அதற்கு அளவுகோல்.

இதில் மற்றுமோர் இடர்ப்பாடு உண்டு. எம்.ஜி. ரி.சி. போன்ற வண்டிகளின் உடலானது, சாம்பல் மரம் என்று வழங்கும் ஒருவகை வன்மரத்தாற் கட்டிய கூட்டின்மேல் இரும்புத் தகடு போர்த்துச் செய்யப்பட்டது. ஒவ்வொரு கதவையும் தொழிலாளர் அவ்வவ் வண்டிக்கே தனித்தனி சீவிப் பொருத்தினர். ஆகவே, ஒரு வண்டியின் கதவைக் கழற்றி மற்றொன்றிற் பூட்டினால் மேலே இடித்துக் கீழே வாய் பிளந்து நிற்கும். ஒரே வண்டியின் இடப்புறமும் வலப்புறமுங்கூடச் சிறிது வேறுபடும். 1962 முதல் 1980 வரை வந்த எம்.ஜி.பி. வண்டியிலோ தனியான அடிச்சட்டமே இல்லை. உடலே சட்டமாய் நின்று பாரந் தாங்குகின்றது. அதன் கதவடியிலே நீண்டு செல்லும் பெட்டிபோன்ற பகுதி துருவேறிப் போயின், அது அழகுக்கு வந்த குறையன்று. முதுகெலும்புக்கு வந்த நோய். அதனை வெட்டியெடுக்குமுன் கதவு வாயிலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் கொடுத்துத் தாங்காவிடின், வண்டி நடுவிலே தொய்ந்துவிடும். பின்னர் எத்தகைய புதுத்தகடும் அதிற் பொருந்தாது.

துருவென்றும் கறளென்றும் நாம் கூறும் பகைவனுக்கு நம் மலைநாடு விருந்தோம்பும் வீடு. நுவரெலியா கடன்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலும், ஹட்டன் 4,000 அடிக்கு மேலும் உயர்ந்தவை. கொழுந்துக்கு இன்பந்தரும் மூடுபனி தகட்டுக்குத் துன்பந்தருவது. மழைநீர் கண்ணாடி ஓரத்தாற் கதவினுட் புகும். அது வடிந்து செல்வதற்கென அடியில் விட்ட சிறு துளைகளை மண்ணுஞ் சருகும் அடைத்துக்கொண்டால், நீர் உள்ளே தங்கித் தகட்டை உட்புறமாக அரிக்கும். வெளியே பூச்சு பளபளத்துக்கொண்டிருக்கும். ஒருநாள் விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகும். மரக்கூடு உடைய வண்டியாயின் மரமும் உளுத்திருக்கும்.

அவ்வாறு உறுப்பை இழந்த வண்டிக்கு நான்கு வழிகள் உள. முதலாவது, அவ்வகை வண்டியின் பழைய உறுப்பைத் தேடிப் பெறுதல். கொழும்புப் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளை அறியாத மோட்டார்க்காரர் இலர். ஆயினும் அங்கே பெரும்பாலும் கிடைப்பவை அண்மைக்கால யப்பானிய வண்டிகளின் பாகங்களே. எழுபதாண்டு பழைய மட்கார்ட் ஆங்குக் கிடைத்தல் புதையல் கிடைத்தலை ஒக்கும். கிடைத்தாலும் அது துருவேறாத இடத்தைத் தேடவேண்டியதாயிருக்கும். இரண்டாவது, இரு வண்டிகளைச் சிதைத்து ஒன்றாக்குதல். ஒன்று வாழ மற்றொன்று மாய்வதாகிய இவ்வழியால், எஞ்சியுள்ள சிலவும் குறைந்துபோம். வேறு வகையிலும் மீட்கவியலாத வண்டிக்கே அது தகும்.

மூன்றாவது, புதிதாய் வார்ப்படமிட்டுச் செய்த உறுப்பை வெளிநாட்டிலிருந்து வருவித்தல். இங்கிலாந்திலே 1975ஆம் ஆண்டு 'பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிற்றேஜ்' என்னும் நிறுவனம் தோன்றியது. அது எம்.ஜி.பி. வண்டிக்குரிய பழைய அச்சுகளைத் தேடித் திரட்டி, 1988 முதல் அவ்வண்டியின் முழுவுடலையே மீண்டுஞ் செய்து விற்கலாயிற்று. எம்.ஜி.பி. 5 இலட்சத்துக்கு மேல் விற்ற வண்டி. ஆதலால் அத்தொழிலுக்கு இலாபமுண்டு. அருகிய வண்டிகளுக்கு அவ்வாறு அச்சுவைத்திருப்பார் யார்? அன்றியும், கப்பற் கூலியும் தீர்வையுஞ் சேர அதன் விலை பன்மடங்காகும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது இதனைப் பலரும் உணர்ந்தனர். வந்திறங்கிய பின்னரும் அது நேரே பொருந்திவிடாது. இங்கே ஒருவர் அதனை வெட்டியுந் தட்டியும் இணக்கவேண்டும். ஆகவே மூன்றாம் வழியும் முடிவிலே நான்காம் வழியையே வந்து சேர்கின்றது. அந்நான்காம் வழியாவது, கையாற் செய்துகொள்ளல்.

நம் நாட்டார் 'டிங்கரிங்' என்று வழங்கும் தகட்டுவேலையை அருகிருந்து பார்த்தவர் அதனை எளிய தொழிலென்று கூறார். 'பாஸ்' என்று மரியாதையாய் அழைக்கப்படும் மூத்த தொழிலாளர் முதலில் துருப்பிடித்த பகுதியை நல்ல உலோகம் தென்படும் எல்லைவரை வெட்டி நீக்குவார். இடப்புற மட்கார்ட் அழிந்து வலப்புறம் எஞ்சியிருப்பின், வலப்புறத்திலே மட்டைக் கடதாசியை வைத்து வளைவு வளைவாக வார்ப்புருக்கள் வெட்டிக்கொண்டு, அவற்றைத் திருப்பிப் பிடிப்பார். ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள தகட்டை அளவுக்கு வெட்டி, மணற்பையின்மேல் வைத்து மரச் சுத்தியலால் அடித்துக் குழிவிப்பார். அடிபட்ட இடம் மெலிந்து விரியும்; விரிந்தவிடத்து வளைவு பிறக்கும். வேண்டிய அளவிற்கு மேல் விரிந்துவிட்டால், அவ்விடத்தைச் சூடாக்கி ஈரத்துணியால் ஒற்றிச் சுருங்கச் செய்வார். பின்பு உட்புறத்தில் கைப்பட்டடையைத் தாங்கி வெளிப்புறத்தில் மெல்லத் தட்டி மேடுபள்ளம் நீக்குவார்.

அடுத்தது பொருத்துதல். கதவையும் பொனற்றையும் பூட்டி, அவற்றிடையே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாய் வரும்வரை தகட்டைப் பலமுறை மாட்டிக் கழற்றுவார். ஓரத்திலே புள்ளி புள்ளியாய் ஒட்டவைத்து, மீண்டும் பார்த்து, அதன்பின்னரே முற்றும் ஒட்டுவார். ஒட்சிசனும் அசற்றிலீனுஞ் சேர்ந்தெரியுஞ் சுடரிலே தகடு நெளிந்துவிடுமாதலால், ஓரிடத்திலே நெடுநேரம் நிற்காமல் இடம் மாறி மாறிச் சிறிது சிறிதாய் ஒட்டுவார். ஈற்றிலே கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையாற் றடவிப் பார்ப்பார். கண்ணுக்குப் புலனாகாத மேடு கைக்குப் புலனாகும். இவ்வாறு செய்த தகட்டின்மேற் பட்டி பூசவேண்டிய அளவு மிகக் குறைவு. விரல் தடிப்புக்குப் பட்டி பூசி மறைத்த வேலை, மலைநாட்டுச் சாலையின் குலுக்கலில் ஓராண்டுக்குள் வெடித்துத் தன் வரலாற்றைத் தானே கூறிவிடும்.

இக்கைத்திறனை உலகம் விலை கொடுத்து வாங்குமா என்று ஐயுறுவார்க்கு ஒரு சான்று காட்டுவேன். மொரிஸ் மைனர் பந்தய வண்டியன்று. எனினும் நம் நாட்டார் நன்கறிந்தது. 1948 முதல் 1972ஆம் ஆண்டு வரை 16 இலட்சத்துக்கு மேற் செய்யப்பட்ட அவ்வண்டியைப் பேணுவதற்கென இங்கிலாந்தின் பாத் நகரிலே சார்ல்ஸ் வெயார் என்பார் ஒரு நிலையம் நடத்தினார். வண்டியைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து நெடுங்காலம் வைத்திருத்தலே சிக்கனம் என்பது அவர் கொள்கை. 1990களின் தொடக்கத்திலே அவர் இலங்கையர் ஒருவருடன் கூட்டுச்சேர்ந்து, மொரிஸ் மைனருக்குரிய பாகங்களை இலங்கையிலே செய்விக்கும் தொழிலகத்தைத் தொடங்குவித்தார். இலங்கைத் தொழிலாளர் செய்த பாகங்கள், அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே கப்பலேறிச் சென்றன. அவ்வண்டிகளை நாடோறும் ஓட்டியும் திருத்தியும் வந்த மக்கள் இங்கே இருந்தமையே அவரை இந்நாட்டுக்கு ஈர்த்தது. நாம் குறையென நாணிய பழைய வண்டியோட்டம், பிறர் கண்ணுக்குத் திறமையாய்த் தோன்றிற்று.

ஈண்டு இரு தடைகள் எழும். முதலாவது, கையாற் செய்த உறுப்பு போலியன்றோ, அதனைப் பூட்டிய வண்டி பழைய வண்டியாகுமோ என்பது. இதற்கு நம் பதிப்பாசிரியர் வாழ்வே விடை தரும். சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் உ. வே. சாமிநாதையரவர்களும் செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊரூராய் அலைந்தனர். பல பிரதிகளை ஒப்புநோக்கினர். ஒரு பிரதியிற் சிதைந்ததை மற்றொரு பிரதி கொண்டு நிரப்பினர். எங்குங் கிடையாததைக் கிடைக்கவில்லை என்றே விட்டனர். புறநானூற்றில் 267ஆம் 268ஆம் பாட்டுகள் இன்றும் இல்லை. அவ்வெண்கள் வெறுமையாய் நிற்றலே அப்பதிப்பின் நேர்மைக்குச் சான்று. வண்டியை ஓட்டைவிட்டு ஓட்டவியலாது. அங்கே நிரப்பியே ஆகவேண்டும். ஆயினும் எது பழையது எது புதியது என்பதை எழுதிவைத்தல் இயலும். அவ்வாறு எழுதிவைத்தால் அது புதுக்கல். மறைத்து விற்றால் அதுவே போலி. நம் ஆலயத் தேருக்குப் பழுதுற்ற சில்லை மாற்றிப் புதுச்சில்லுப் பூட்டுகின்றோம். தேர் அத்தேரே, சில்லைச் செய்த ஆசாரியாரையும் மாலையிட்டுச் சிறப்பிக்கின்றோம்.

இரண்டாவது தடை இதனினும் வலியது. 'செல்வரின் விளையாட்டுப் பொருளுக்கு உழைக்கவோ தோட்டத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கின்றோம்?' என்பது அது. நான் கற்பித்த மாணவனொருவன் சாதாரணதரப் பரீட்சையின் பின் ஹட்டன் பக்கத்துக் கராஜ் ஒன்றிலே தகட்டுவேலை பழகினான். அவன் அன்னையார் என்னைக் கண்டபோது, 'படிச்சும் கராஜ்லதான் நிக்கிறான் சேர்' என்று தலைகுனிந்தார். கொழும்பிலே கடையொன்றில் நின்று மூடை சுமக்கும் அயல்வீட்டுப் பிள்ளையைக் குறித்து அத்தலைகுனிவு இல்லை. இதனை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் வருந்துகின்றது. மூடை சுமப்பவன் பத்தாண்டு கழித்தும் மூடையே சுமப்பான். தகட்டுவேலை கற்றவன் பத்தாண்டிற் பத்துமடங்கு அறிந்தவனாவான். ஸ்போர்ட்ஸ் காரின் மட்கார்டைச் செய்யவல்ல கை, லொறியின் கதவையும் பஸ்ஸின் கூரையையும் தேயிலைத் தொழிற்சாலையின் காற்றுக்குழாயையுஞ் செய்யவல்லது. செல்வர் வண்டி அவனுக்கு உயர்தரப் பரீட்சை போன்றது. அதில் தேறியவனுக்கு மற்றவை எளியவாம். அப்பரீட்சைக்குச் செல்வர் தக்க கூலி கொடுத்தல் வேண்டும் என்பதும் உடன் கூறற்பாலது. வண்டிக்கு இலட்சங்களைச் செலவிட்டு, தகட்டைச் செய்தவரிடம் ஆயிரத்துக்குப் பேரம் பேசுதல் பெருமையன்று.

இனிச் செய்யத்தக்கன யாவை? வண்டியுடைய பழைய மாணவர்க்கு மூன்று விண்ணப்பங்கள். ஒன்று, வெட்டியெடுத்த துருத்தகட்டை எறிந்துவிடாதீர்கள். அதன் வளைவே அடுத்த வண்டிக்கு மூலபாடம். வெட்டிய மட்டை வார்ப்புருக்களுக்கும் வண்டியின் பெயரும் ஆண்டும் எழுதிப் பேணுங்கள். இரண்டு, கண்காட்சியிலே வண்டியின் முன் வைக்கும் பலகையில் செய்த கம்பனியின் பெயரும் உடையவர் பெயரும் இருப்பதுபோல், உடலைப் புதுக்கிய பாஸின் பெயரும் பொறித்து வையுங்கள். மூன்று, ஒரு வண்டியை ஒப்படைக்கும்போது, அவ்வேலையில் ஓர் இளைஞனைப் பழக்கவேண்டும் என்று கேட்டு, அவன் படியையும் கூலியோடு சேர்த்துக் கொடுங்கள். மூத்தவரின் கையறிவு ஏட்டில் எழுதப்படாதது; அருகில் ஒருவர் நின்று கண்டாலன்றி அவரோடே அழிந்துபோம்.

கல்லூரியார்க்கும் ஒன்று கூறுவேன். 2013ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிலே உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு உண்டு. அம்மாணவர் ஒரு மட்கார்டின் வளைவை அளந்து வரைதலையும் வார்ப்புரு வெட்டுதலையும் ஒரு பயிற்சியாகக் கொள்ளலாம். கேத்திரகணிதம் அங்கே உயிர்பெறும். தேசிய தொழிற்றகைமை முறையிலே, ஏட்டுக்கல்வியின்றித் தொழிலிற் றேர்ந்தவரின் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் வழியும் உண்டு. நம் நகரத்துக் கராஜ்களில் உழைக்கும் எத்தனையோ பேர் அதற்குத் தகுதியுடையர். விண்ணப்பம் நிரப்பத் துணையின்றி நிற்கின்றனர். விண்ணப்பம் எழுதிக்கொடுக்க ஆசிரியரும் மாணவருமாகிய நமக்கு ஒரு மாலைப்பொழுது போதும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூச்சுக்குக் கவசமுமின்றிச் சுடர்முன் நிற்கும் வழக்கத்தையும் அச்சான்றிதழோடு சேர்த்து ஒழித்தல் வேண்டும்.

விழாக்காலம் பழைமையை நினைக்குங் காலம். நினைத்தலோடு நின்றுவிட்டால் பழைமை துருவேறும். அடுத்த சித்திரையில் அவ்வண்டிகள் மலையேறி வரும்போது, வண்டியின் பெயரைக் கேட்கும் நம் மாணவர், அதன் உடலைச் செய்த கையின் பெயரையுங் கேட்பாராக. கேட்கப்படும் பெயருக்கு மதிப்பு உண்டாகும். மதிப்புள்ள தொழிலை நாடி இளைஞர் வருவர். இளைஞர் வரின் தொழில் வாழும்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க மலைநாட்டுக் கைத்திறன்!